டூப்ளிகேட் பொங்கல்

போன மாதம் பிரியா ஒரு செய்தி அனுப்பினாள். நான் விட்டுவிட்டு வந்த கம்பெனியில், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். செய்தியோடு, கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிய ஒரு பட்டியலும் வந்தது: மாநாட்டு விருந்தினர்களை மும்பையில் அழைத்துப்போக மறக்க முடியாத இடங்கள். ஐந்தாவதாகத் தாராவி இருந்தது. “அண்ணா, நீங்க அந்த ஏரியாதானே? இது ஓகேவா? ரெண்டு லைன்ல சொன்னாப் போதும்” என்று கேட்டிருந்தாள்.

இரண்டு வரியில் எனக்கு எதையும் சொல்ல வராது. அதனால்தான் இது.

ஓய்வு பெற்றவர் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். வயது முப்பத்தொன்று. முடி எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கிறது. இப்போது முலுண்டில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்த இடத்தில் வேலை. மாலையானால் லோக்கல் ரயில் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஆனால் அந்தத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றுத்தான் விட்டேன். ஒரு கல்யாணத்துக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்காமல், வெளியேறும் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்கிறேன். கோயிலுக்குப் போனால் செருப்பு வைக்கும் இடத்தில் நெரிசல் எப்படிப் பிரியும் என்று யோசிக்கிறேன். கடற்கரையில் காற்று வாங்கினால் மைக்கில் இரைச்சல் விழுமே என்று தோன்றுகிறது. இந்த ஊரில் நான் சும்மா நிற்கிற இடம் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போயிற்று. அதற்குப் பெயர் களைப்பு இல்லாமல் வேறென்ன?

தொழில் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள், எஞ்சினியர்கள், வங்கிக்காரர்கள் என்று யாராவது நட்சத்திர ஹோட்டலில் மூன்று நாள் மாநாடு போடுவார்கள். குளிர்பதன அறையில் படம் காட்டிக் காட்டி எல்லோருக்கும் கண் சொருகிவிடும். அதனால் ஒரு மாலை மட்டும் அவர்களை வெளியே அழைத்துப்போய் இந்த ஊர் எப்படிப்பட்டது என்று காட்டிச் சாப்பாடு போட வேண்டும். அந்த ஒரு மாலைக்கு இடம் தேடுவதுதான் என் வேலை. ஹோட்டல் நிர்வாகம் படித்தேன். முதல் இரண்டு வருஷம் பெயர் அட்டைக்குக் கயிறு கோத்தேன், பஸ்ஸில் தலை எண்ணினேன். பிறகு கல்யாணி மேடத்தின் கீழே வந்தேன். அங்கே தொடங்கியது எல்லாம்.

எங்கள் தொழிலை ஆட்டிவைத்த சொல் ஒன்று உண்டு: ‘ஹட்கே’. வழக்கத்துக்கு மாறானது என்று பம்பாய் ஹிந்தியில் அர்த்தம். எந்த வாடிக்கையாளரும் உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வாக்கியம் “குச் ஹட்கே சாஹியே”, ஏதாவது வித்தியாசமாக வேண்டும். அப்படிச் சொல்பவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியாது. போன வருஷம் இன்னொரு மாநாட்டில் பார்த்த ஏதோ ஒன்று வேண்டும், ஆனால் அதுவாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கல்யாணி மேடம் மாட்டுங்காக்காரர். பாலக்காட்டுக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் கிங் சர்க்கிள் பக்கம். கையில் எப்போதும் ஒரு குடை இருக்கும், மழைக்காலமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஓர் இடத்தைப் பார்க்கப் போனால் அவர் அதன் அழகைப் பார்த்து நான் கண்டதில்லை. நேரே கழிப்பறைக்குப் போவார். பிறகு சமையல் நடக்கும் இடம். அப்புறம், விருந்தாளிகளில் யாருக்கு மிக மோசமான இடம் கிடைக்குமோ அந்த மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பேச மாட்டார். சொந்தக்காரர் டீ கொண்டுவந்து நீட்டினால் குடையால் மேஜையைக் காட்டுவார், குடிக்க மாட்டார். எந்த நேரத்தில் விருந்தோ அதே நேரத்தில்தான் இடம் பார்ப்பது. காலையில் பத்து மணிக்கு எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும் என்பார்.

சயான் பக்கம் ஒரு தோட்ட வீடு. நான் மூன்று முறை பார்த்துவிட்டு வந்து, இதைப் போல் இடமே இல்லை என்று குதித்தேன். மேடம் ஒரு மாலை வந்து மூலையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சுளித்தார். மாஹிம் கழியில் நீர் வற்றும் நேரம். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தது.

“நீ வந்தப்போ ஏத்தமாடா, இறக்கமாடா?”

“என்ன மேடம்?”

“கடல்டா. வேலியேத்தமா, இறக்கமா?”

எனக்குத் தெரியவில்லை. தாராவியில் பிறந்தவன், அந்த நாற்றத்தோடுதான் வளர்ந்தேன். மூக்குக்குப் பழகிப்போன ஒன்றை மூக்கு சொல்லாது.

“அழகா இருக்கு, சரி. ஆனா ஜெர்மன்காரன் பாயசத்தை வாயில வைக்கறப்போ கழி வத்தினா நீ போய் ரொப்புவியோ?” என்று எழுந்துவிட்டார்.

இன்னொன்றும் அவரிடம் பார்த்தேன். எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஒன்றாக வருவார்கள், ஆனால் போகும்போது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரத்தில் அலுத்துப்போகும். தனியாக ஒருவர் எழுந்து கௌரவமாகக் கிளம்ப வழியில்லாத இடத்தை, அது அரண்மனையாக இருந்தாலும், அவர் தொட மாட்டார். செம்பூரில் ஒரு பழைய பங்களாவை அதற்காகவே விட்டோம். வாசலுக்கு வர வேண்டுமென்றால் மேடையைக் குறுக்கே கடந்து வர வேண்டும்.

அவ்வளவு கறாரான மேடமும் ஒரு தடவை மாட்டிக்கொண்டார். இதைச் சொன்னதற்காக அவர் என்னைக் கோபிக்க மாட்டார், அவரே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார்.

மாட்டுங்காவில் கச்சேரிகள் நடக்கும் ஒரு சபாவின் முற்றத்தில் இலைச் சாப்பாடும் வீணையும் என்று ஏற்பாடு. நூற்றிருபது பேர், பெரும்பாலும் வெளிநாடு. ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்கப் போலீஸ் சௌக்கிக்குப் போனோம். தேர்தல் நேரம், நடத்தை விதிகள் அமலில் இருந்தன. மேடம் கணீரென்று ஹிந்தியில் சொன்னார்: “எங்கள் சபாவுக்கு அனுமதி வேண்டும்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். ஹிந்தியிலும் மராத்தியிலும் சபா என்றால் அரசியல் பொதுக்கூட்டம். அது எனக்கு உறைத்தது, மேடத்துக்கு உறைக்கவில்லை.

“கௌன்ஸி பார்ட்டி?” எந்தக் கட்சி என்று கேட்கிறார்.

“டின்னர் பார்ட்டி” என்றார் மேடம்.

“எத்தனை பேர்?”

“நூத்திருபது. எல்லாரும் வெளியிலிருந்து பஸ்ஸில வருவா.”

அதிகாரி பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். “பாஷண் கௌன் தேகா?” பேசப்போவது யார்?

“சீஃப் கெஸ்ட். பத்து நிமிஷம்தான். ஜெர்மனிலேர்ந்து வரார்.”

“ஜெர்மனீ ஸே?” அதிகாரி எழுந்தே விட்டார்.

நான் குறுக்கே விழுந்து, இது பாட்டுச் சபா, வீணை, இட்லி, சாம்பார் என்று கையைக் காலை ஆட்டி விளக்கினேன். கடைசியில் சௌக்கி முழுக்கச் சிரித்தது. டீ வந்தது. அன்று மட்டும் மேடம் டீ குடித்தார். வெளியே வந்து டாக்ஸியில் ஏறியதும், “பொறந்ததுலேர்ந்து நான் பாட்டுக் கேக்கறது சபாவிலயாக்கும். இவாளுக்கு அது மைக்கும் மாலையும், கேட்டியா?” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “நீ ஏண்டா முன்னாடியே சொல்லலை?” என்று என்மேலேயே பாய்ந்தார்.

இனி, பிரியா கேட்டதற்கு வருகிறேன்.

கல்லீரல் டாக்டர்கள் மாநாடு. பாந்த்ரா-குர்லா வளாகத்தில் ஒரு பெரிய ஹோட்டல். ஜனவரி நடுவில். அமைப்புச் செயலாளராக இருந்த டாக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் ‘ஹட்கே’ நோய் முற்றிய நிலையில் இருந்தார். நான் காட்டிய ஏழெட்டு இடங்களையும் உதடு பிதுக்கித் தள்ளினார். ஜன்னலுக்கு வெளியே கழிக்கு அந்தப் பக்கம் தெரிந்த தகரக் கூரைகளைப் பார்த்தபடி, “அங்கே ஏதாவது?” என்றார்.

அங்கேதான் என் வீடு. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் வேகக்காரன், வாய் முந்திவிடும். ஏழ்மையைப் பார்க்க ஆள் கூட்டிவராதீர்கள், பார்க்க வேண்டியது வேறு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பொங்கலைப் பற்றி மூச்சு விடாமல் பேசினேன். விடிகாலையில் ரோட்டின் இரு பக்கமும் செங்கல் அடுக்கி, வரிசையாகப் பானை வைத்து, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பெண்கள் சூரியனைப் பார்த்துப் பொங்கலிடுவதை, பொங்கி வழியும்போது தெரு முழுவதும் ஒரே குலவையாக எழுவதை. சொல்லச் சொல்ல எனக்கே புல்லரித்தது.

“அற்புதம்” என்றார் டாக்டர். “விருந்து பொங்கல் முடிந்து நாலாவது நாள் சாயங்காலம். அன்றைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.”

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். குடையைக் கை மாற்றி வைத்துக்கொண்டார்.

எங்கள் சந்தில் பொங்கல் வரிசைக்கு இசக்கியம்மாள்தான் எல்லாம். எனக்குப் பெரியம்மா முறை. யார் பானை எங்கே, யார் முதலில் அடுப்புப் பற்றவைப்பது என்று அவள் சொன்னால் சொன்னதுதான். அன்று சாயங்காலம் குழாயடியில் பெண்கள் கூடியிருந்தபோது விஷயத்தை எடுத்தேன். அலுவலகத்தில் நான் முத்து. சந்தில் முழுப் பெயர்.

“ஏலே சுடலைமுத்து, பொங்கலுக்கு ரீப்ளேயால? இது என்ன கிரிக்கெட்டா?” என்றாள் பெரியம்மா.

“சாயங்காலம் ஒரு தடவை, அவ்வளவுதான் பெரியம்மா.”

“சாயங்காலம் யாருக்குலே பொங்கல் வைக்க? டியூப்லைட்டுக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஆசையும் தெரிந்தது. பட்டுச்சேலையை இன்னொரு நாள் உடுத்தலாம், சும்மா இல்லை, கூலியும் உண்டு, வெள்ளைக்கார டாக்டர்கள் வந்து நின்று பார்ப்பார்கள். சாமி குற்றம் ஆகிவிடுமோ என்பது ஒன்றுதான் இடித்தது. பெரியம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடி வெகுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்.

“அன்னைக்கு வைக்கது பொங்கல் இல்ல. டூப்ளிகேட். டூப்ளிகேட்டுன்னு வச்சா சாமி கோவிக்காது.”

எங்கள் பக்கத்தில் டூப்ளிகேட் என்பது வசைச் சொல் இல்லை. பெரிய கடைப் பையைப் போலவே ஒரு பை, அதே தோல், அதே தையல், விலை மட்டும் நம் விலை. பாதிச் சந்து அதில்தான் சாப்பிடுகிறது. அதனால் எல்லோருக்கும் அந்தச் சொல் ஒத்துப்போனது.

அப்போதுதான் பின்னாலிருந்து செல்வி சித்தி கேட்டாள்.

“அப்பம் நானும் வைக்கலாம்லா மதினி?”

பெண்கள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

செல்வி சித்தி பை தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவள். ஆடி மாதம் சித்தப்பா போய்விட்டார். கேதம் விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பொங்கல் வைக்கக் கூடாது. வாசலில் சந்தே பொங்கலிட, அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும்.

“ஒனக்கு இன்னும் வருஷம் திரும்பலையேட்டி” என்றாள் பெரியம்மா, குரலைத் தாழ்த்தி.

“அது பொங்கலுக்கு. இது பொங்கல் இல்லன்னு நீதான சொன்ன?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை.

“பொங்கலன்னிக்கு நான் உள்ளதான் இருப்பேன். அதுல மாத்தம் இல்ல. நீங்கல்லாம் வைக்கிய புகை மட்டும் கதவிடுக்குல உள்ள வரும். அதை யாரும் வரக்கூடாதுங்க மாட்டேங்கியோ. இந்த டூப்ளிகேட்டுலயாவது ஒரு பானை வைக்கேனே.”

மற்ற பெண்கள் பெரியம்மா முகத்தையே பார்த்தார்கள். இரண்டு பேர் கூடாது என்றார்கள், நான்கு பேர் வைக்கட்டுமே என்றார்கள். கேதம் கேதம்தான் என்றாள் ஒருத்தி, ஊரில் நடக்காததா என்றாள் இன்னொருத்தி. பெரியம்மா கையை உயர்த்தினாள்.

“சரி, வை. ஆனா ஒண்ணு. அந்த டாக்டர்மார் வந்து நிக்கணும். அவுக பாக்கதுக்காவ வச்சாதான் அது டூப்ளிகேட்டு. ஆளு வராம நம்ம பாட்டுக்கு வச்சோம்னா, அது நமக்கு வச்ச பொங்கலாயிரும். அப்பம் நீ வைக்கக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்” என்றாள் சித்தி. பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏ சுடலை, ஆள் வந்துருவாவல்லா?”

“வந்துருவாங்க சித்தி. அதுக்குத்தான நான் இருக்கேன்” என்றேன். அத்தனை வேகமாக யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

மேடம் ஒரு மாலை இடம் பார்க்க வந்தார். சந்தில் மூலை நாற்காலிக்கு இடமில்லை, நின்றுகொண்டே பார்த்தார். கழிப்பறைக்காகப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சொல்லி ஏற்பாடு செய்திருந்தேன், அதைப் போய்ப் பார்த்தார். சாக்கடை மூடிகளைக் குடையால் ஒவ்வொன்றாகத் தட்டினார். நாலாவது மூடி ஆடியது, மாற்றச் சொன்னார். பெரிய பஸ் உள்ளே திரும்பாது, ரோட்டிலேயே இறக்கி நடத்திக் கூட்டிவர வேண்டும். அடுப்புக்கும் கம்பிகளுக்கும் நடுவே எத்தனை உயரம் என்று அண்ணாந்து பார்த்தார். பானைகளுக்குச் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தோம். கடைசி வட்டம் மட்டும் வரிசையைவிட்டுத் தள்ளி, குழாயடி ஓரமாக இருந்தது.

“இது யாரோடது? ஏன் ஒதுக்கி வச்சிருக்கு?”

சொன்னேன், பெரியம்மாவின் நிபந்தனை உட்பட. கேட்டுக்கொண்டே நின்றார். சித்தி அந்த நேரம் பட்டறையிலிருந்து வந்து, மேடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனாள். மேடம் அந்தக் கதவை ஒரு தரம் பார்த்தார்.

“அங்க ஈரம் ஜாஸ்தி. அடுப்பு புடிக்க நேரமாகும். செங்கல் ஒண்ணு கூடப் போடச் சொல்லு” என்றார். அவ்வளவுதான்.

பொங்கல் வந்தது, போயிற்று. சித்தியின் கதவு சாத்தியே இருந்தது.

மாநாட்டு விருந்து நாள். மாலை நாலரைக்குமேல் சந்து மாறிப்போயிற்று. கழுவிக் கோலம் போட்டு, செங்கல் அடுக்கி, பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி எல்லாம் தயார். பெண்கள் பட்டில் நின்றார்கள். சித்தி பட்டு உடுத்தவில்லை, வெளுத்த பச்சையில் ஒரு நூல் சேலை. ஆனால் அரிசியை மூன்று தண்ணீரில் கழுவி, நான்காவது தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இளம் பெண்கள் தங்களுக்குள் ஹிந்தியில் கிசுகிசுத்துக்கொண்டு, வெள்ளைக்காரர்களோடு செல்ஃபி எடுப்பது யார் முதலில் என்று சண்டை போட்டார்கள். பெரியம்மா குலவை ஒத்திகை ஒன்று நடத்தினாள். “டூப்ளிகேட்டுன்னு தொண்டையைச் சுருக்காதியோட்டி. ஒரிஜினல் சத்தம் வரணும்.”

அப்போது மேடம் போன் செய்தார்.

“முத்து, பஸ்ஸை நிறுத்திட்டா.”

காலையில் ஒரு விருந்தாளிக்கு ஹோட்டல் சாப்பாட்டிலேயே வயிறு கெட்டுவிட்டது. அதைக் கேட்டுக் கமிட்டியில் யாரோ பயந்து, வெளியே சாப்பாடே வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஹோட்டல் புல்வெளியிலேயே பொங்கல். அதே மாதிரி வேண்டுமாம், ‘ஸேம் ஃபீல்’. அலங்காரக்காரர்கள் பானையோடு வந்து இறங்கிவிட்டார்கள். வரவேற்பறைப் பெண்களுக்குச் சேலை கட்டிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“நான் சண்டை போட்டுப் பார்த்தேன்டா. ஆகலை. கூலியெல்லாம் பேசினபடி குடுத்துடலாம். நீ பதமா அவாகிட்டச் சொல்லிட்டு இங்க வா.”

போனைப் பையில் போட்டேன். இந்தத் தொழிலில் நான் நூறு தடவை செய்தது இதுதான். இடம் மாறிவிட்டது, நேரம் மாறிவிட்டது, ஆள் வரவில்லை, மன்னியுங்கள். முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று என் முகத்துக்கே தெரியும். பெரியம்மாவைப் பார்த்து இரண்டு அடி வைத்தேன். சித்தி குனிந்து, குழாயடி வட்டத்தில் ஒரு செங்கல்லைக் கூடுதலாக வைத்து, பானை ஆடாமல் நிற்கிறதா என்று உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள்.

“என்னலே, போன்ல என்ன?” என்றாள் பெரியம்மா.

“பஸ் கிளம்பிட்டு பெரியம்மா” என்றேன். “கலாநகர் சிக்னல்ல ட்ராஃபிக். அவங்க வரும்போது பொங்குற பதத்துல இருக்கணும். நீங்க பத்த வச்சிருங்க.”

சூடம் கொளுத்தி முதல் அடுப்பு பற்றியது. வரிசையாக ஒவ்வொன்றாகத் தாவிப்போனது தீ. மேடம் சொன்னது சரி, குழாயடி ஈரம். சித்தியின் ஓலை புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் பால் ஊற்றியாகிவிட்டது, அவள் இன்னும் ஊதிக்கொண்டிருந்தாள். முதல் பானை பொங்கியது, குலவை எழுந்தது. இரண்டாவது, மூன்றாவது.

“ஆளைக் காணோமே” என்றாள் ஒருத்தி. “எல்லாம் பொங்கி முடிஞ்சப்புறம் வந்து என்னத்தப் பாக்கப் போறாவ?”

ஒரு பெண் போனை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள். பெரியம்மா என்னருகே வந்தாள். முகம் புகையில் சிவந்திருந்தது.

“ஏலே, பஸ்ஸு வரும்லா?”

“வரும் பெரியம்மா.”

என்னைப் பார்த்தாள். நான் அவள் கண்ணைப் பார்க்காமல் குழாயடியைப் பார்த்தேன். அவளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சித்தியின் அடுப்பு அப்போதுதான் குப்பென்று பிடித்திருந்தது.

பெரியம்மா சேலையை உதறிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று சந்து முனைக்குப் போனாள். போனோடு போன பெண்ணைத் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினாள். “நீ போய் உன் பானையைக் கிண்டு. ஆளு வந்தா நான் சொல்லுதேன்.” முனையின் நடுவில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டாள். அவளைத் தாண்டி யாரும் எதையும் பார்க்க முடியாது. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“கலாநகர் தாண்டிட்டாவ!”

“அந்தா, ரோட்டுல திரும்புதாவ! ஏட்டி செல்வி, தீயைக் குறைக்காத!”

சித்தி தலை நிமிரவில்லை. விறகை இன்னும் உள்ளே தள்ளினாள். பானை வாயில் வெள்ளையாக ஒரு விளிம்பு கட்டியது, ஏறியது, கொஞ்சம் நின்றது. பிறகு ஒரே மூச்சில் எழும்பி, மஞ்சள் கொத்து நனைய நான்கு பக்கமும் வழிந்தது. நெருப்பு சீறியது. சித்திக்குக் குலவை வரவில்லை, வாய் திறந்தபடியே இருந்தது. சந்து முனையில் ரோட்டைப் பார்த்து நின்றவள்தான் முதலில் குலவையிட்டாள். பிறகு எல்லோரும்.

என் பையில் போன் அதிர்ந்தது. மேடம்.

“முத்து, இங்க பொங்க மாட்டேங்கறதுடா. புல்வெளியில நெருப்பு வைக்கப்படாதுங்கறா, எலக்ட்ரிக் அடுப்பு. சூடானதும் தானா அணைஞ்சுடறது. எல்லாரும் கேமராவை வச்சுண்டு நிக்கறா, டாக்டர் கையைப் பிசையறார். என்ன பண்ணட்டும்?” சட்டென்று நிறுத்தினார். “அங்க என்ன சத்தம்?”

“பொங்கிருச்சு மேடம்.”

அந்தப் பக்கம் யாரோ மைக்கில் டெஸ்டிங், டெஸ்டிங் என்றார்கள்.

“நீ சொல்லலையா அவாகிட்ட?”

“இல்ல மேடம்.”

“குழாயடிப் பானையா?”

“ஆமா.”

வந்தது அவருடைய வழக்கமான குரல், சாக்கடை மூடியை மாற்றச் சொன்ன அதே குரல்.

“பஸ் வரலைன்னு இப்போ வாயைத் திறக்காதே. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும். நீயும் சாப்பிடு. இங்க நான் பாத்துக்கறேன்.”

போனை வைத்துவிட்டு நான் இலை எடுக்கப் போனேன்.